வண்டுச் சத்தமும் நெஞ்சுப் படபடப்பும்

கலியாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கும் இப்போது ட்ரோன் கமரா பறக்கிறது. சின்னப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கையசைக்கிறார்கள். அதே பந்தலுக்குள் இருக்கும் பெரியவர்களில் சிலர் சத்தமில்லாமல் எழும்பி வீட்டுக்குள் போய்விடுவார்கள். வன்னியில் ‘வண்டு’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஆளில்லா விமானத்தின் இரைச்சலும் இந்தக் கமராவின் இரைச்சலும் அவர்களின் காதுக்கு ஒன்றுதான். வண்டு சுற்றினால் பின்னால் செல்லோ கிபிரோ வரும். மூளை அதைப் பாடமாக்கி வைத்திருக்கிறது.

உள்ளே போனவரைக் கேட்டால் “ஒண்டுமில்லை, வெக்கையாக் கிடந்தது” என்பார். உண்மையில் அவருக்கு நெஞ்சு இடித்திருக்கும், மூச்சு முட்டியிருக்கும், விரல் நுனிகள் விறைத்திருக்கும், இந்தக் கணமே செத்துப்போவேன் என்று தோன்றியிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் வடிந்திருக்கும். இதைத்தான் பீதித் தாக்கம் என்கிறோம். ‘பானிக் அட்டாக்’ என்ற பெயரில் உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நான் உளவளத்துணைப் பணியில் இருப்பவள். எங்களிடம் வருகிறவர்கள் “எனக்குப் பயம்” என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. கையில் ஒரு ஃபைலோடு வருவார்கள். அதற்குள் மூன்று நான்கு ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை முடிவுகள், எல்லாம் சரி என்ற குறிப்பு. “ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். அப்ப நான் நடிக்கிறனோ?” என்று கேட்பார்கள். அந்த “ஒண்டுமில்லை” என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. இருதயத்தில் ஒன்றுமில்லை என்பது வேறு, ஒன்றுமே இல்லை என்பது வேறு.

இது எங்கள் சனத்துக்கு மட்டும் வந்த வருத்தமும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சு நோவும் மூச்சுத் திணறலுமாக வந்த படையினரை ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா என்ற வைத்தியர் பரிசோதித்து 1871இல் எழுதினார். பலரின் இருதயத்தில் அவரால் பழுது எதையும் காண முடியவில்லை. இப்போது அந்தக் குறிப்புகளை வாசித்தால் அவற்றில் பெரும்பகுதி பதகளிப்பு என்று தெரிகிறது. இங்கேயும் போர் என்றவுடன் எல்லோரும் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளில் எடுக்கப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வில் மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 வீதமானோரிடமும் காணப்பட்டன. மூன்றில் ஒருவர். நாங்கள் அதிகம் பேசாத ஒன்றுதான் அதிகம் இருந்திருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை முடிவெடுத்தால் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அதிரினலினைக் கொட்டும். ஓடுவதற்குக் காலுக்கு இரத்தம் வேண்டும், அதனால் இருதயம் வேகமாக அடிக்கும். வயிற்றுக்கு இப்போது வேலை இல்லை, அதனால் வயிறு பிரட்டும். உடம்பைக் குளிராக்க வேர்க்கும். பங்கருக்கு ஓடிய நாளில் இவ்வளவும் தேவைப்பட்டது, அதனால்தான் பலர் உயிரோடு இருக்கிறார்கள். இப்போது ஓட இடமில்லை. கதிரையில் இருந்தபடியே வேகமாக மூச்சு இழுக்கிறீர்கள். தேவைக்கு மேலே மூச்சு விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றும், விரல்களும் வாயைச் சுற்றியும் விறைக்கும். மூச்சு போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் இழுப்பீர்கள். எங்கள் ஊரில் யாரும் பக்கத்தில் இருந்தால் “ஆழமா மூச்செடு, ஆழமா மூச்செடு” என்று சொல்வார்கள். அது எரிகிற அடுப்புக்கு விறகு வைக்கும் வேலை.

இவ்வளவும் தனியே நடந்தால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கவிடாமல் செய்வது அடுத்து வரும் நினைப்பு. டேவிட் கிளார்க் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1986இல் இதை விளக்கினார். நெஞ்சு அடிக்கிறது, அப்படியென்றால் இது ‘ஹார்ட் அட்டாக்’. தலை சுற்றுகிறது, அப்படியென்றால் விசர் பிடிக்கப்போகிறது. இந்த முடிவே புதிய ஆபத்துச் செய்தியாக மூளைக்குப் போகிறது, மறுபடி அதிரினலின். பயத்துக்குப் பயந்து பயம் ஏறும் வட்டம் அது. கமராச் சத்தம் தொடக்கிவைத்தாலும் ஓட்டிச் செல்வது அந்த நினைப்புத்தான்.

அப்படியானால் அந்த நேரத்தில் என்ன செய்வது? ஓடாதீர்கள். இருந்த இடத்தில் இருங்கள். மூச்சை இழுப்பதை விட்டுவிட்டு வெளியே விடுவதைக் கவனியுங்கள்: நான்கு எண்ணும் வரை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, வாயைக் குவித்துச் சூடான தேத்தண்ணியை ஆற்றுவது போல. கடதாசிப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையில் இருதய நோயோ தொய்வோ இருந்தால் அது ஆபத்து. “இது பீதி, உச்சத்துக்குப் போய் இறங்கும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் பயப்படுவதுபோல் மயங்கி விழுவதும் அரிது, ஏனென்றால் அந்த நேரத்தில் பிரஷர் ஏறித்தான் இருக்கும்.

கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. சிலருக்கு அது நல்லது. கண்ணை மூடினால் முள்ளிவாய்க்கால் வருகிறது என்று சொல்பவருக்கு அது உதவாது. அவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கட்டும், பாதத்தை நிலத்தில் அழுத்தட்டும், இன்றைய திகதி, நிற்கும் ஊர், எதிரே தெரியும் ஐந்து பொருட்கள் என்று சொல்லிப் பார்க்கட்டும். அன்று அல்ல, இன்று என்பது மூளைக்குத் தெரிய வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் “பயப்பிடாதை” என்று சொல்வதில் பலனில்லை. “நான் இங்கதான் இருக்கிறன், இது இறங்கும்” என்பது போதும்.

தாக்கத்தை விட மோசமானது அதற்குப் பிறகு நடப்பது. பஸ்ஸில் ஒருமுறை வந்தால் பஸ்ஸை விடுவோம். பிறகு சந்தை, பிறகு கோயில். கடைசியில் படலைக்கு வெளியே போக ஒரு ஆள் துணை வேண்டும். ஒவ்வொரு விலகலும் அந்த நேரத்துக்குச் சுகம் தரும், ஆனால் ‘தப்பினேன், உண்மையில் அங்கே ஆபத்து இருந்தது’ என்று மூளைக்குச் சொல்லிக் கொடுக்கும். திரும்பும் வழியும் படிப்படியானது. பரந்தன் சந்தியில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்குவது முதல் வேலை. பயம் தானாகக் குறையும் வரை இறங்காமல் இருப்பதுதான் அதில் முக்கியம். அது சலித்துப் போனபின் யாழ்ப்பாணம். புலம்பெயர்ந்தவருக்குச் சுரங்க ரயில், புதுவருட வாணவேடிக்கை என்று இடங்கள்தான் மாறும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. எல்லாப் பயமும் பொய் மணி அல்ல. காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடி 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் குந்திய தாய்மாரைப் போன்றவர்களின் வீட்டுக்கு முன்னால் தெரியாத மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் நெஞ்சு அடிப்பது சரியான அடிப்பு. அதற்கு மூச்சுப் பயிற்சி கொடுத்து அனுப்புவது உளவளத்துணை ஆகாது. அங்கே வேண்டியது சட்டத்தரணியும், கூட நிற்கும் ஆட்களும், பதில் சொல்லும் அரசும். பயிற்சி அவருக்கு இரவு நித்திரைக்கு உதவலாம், அவ்வளவுதான்.

முதல் தடவை இப்படி வந்தால் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். நெஞ்சு நோவு இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், நடக்கும்போது வந்து நின்றால் குறைந்தால், நீரிழிவோ பிரஷரோ இருந்தால் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள். தைரொயிட் சுரப்பு, இரத்தச்சோகை, சீனி குறைதல் என்பனவும் படபடப்பைத் தரும். அவற்றைப் பார்த்து முடித்தபின் நான்காவது ஈ.சி.ஜி.க்கு அலைவதை விட உளநல கிளினிக்குக்குப் போவது மேல். அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். நூல் கட்டுவதையோ திருநீறு போடுவதையோ நான் தடுப்பதில்லை, அதனோடு நிற்காமல் இங்கேயும் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

குளிசை பற்றிக் கேள்வி வரும். செற்றலின், புளுவொக்செற்றின் போன்றவை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், முதல் நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம். வைத்தியரைக் கேட்காமல் இடையில் நிறுத்தக் கூடாது. டயசிபாம் உடனே அடக்கும், அதனால்தான் அது பொல்லாதது. பழகிவிட்டால் விடுவது கடினம். அயல் வீட்டாரின் மட்டையில் இருந்து ஒன்றை வாங்கிப் போடுவது எங்கள் ஊர்களில் சாதாரணம், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இரவு கசிப்புப் போத்தலும் அதே வகை, விடியப் படபடப்பு இரட்டிப்பாகும்.

கிளினிக்கில் நேரம் குறைவு. ஆகவே போகும் முன் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் எப்போது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, என்ன சத்தம் அல்லது மணம் முன்னால் இருந்தது, எதைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள், என்ன குளிசை போடுகிறீர்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் அந்தத் துண்டை அப்படியே நீட்டுங்கள். போக முடியாதவர்களுக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.