காசும் கேஷும்



வங்கிக்குச் சென்றால் ‘கேஷியர்’ என்ற பலகையின்கீழ் நிற்கிறோம். கடையில் ‘கடனா, கேஷா?’ என்று கேட்கிறார்கள். இந்தக் ‘கேஷ்’ நம் ‘காசு’ என்பதன் திரிபே என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். ஒருநாள் ஒரு மாணவன், “ஐயா, காசிலிருந்து கேஷ் வந்ததாயின், கேஷியர் எதிலிருந்து வந்தார்?” என்று வினவினான். விடை கூற இயலாமல் அகராதியைப் புரட்டினேன். அன்று மாணவனானவன் யானே.

இலத்தீன் மொழியில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அதுவே இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றும், பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் வழங்கிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்தபோது ‘கேஷ்’ என்பதற்குப் பணப்பெட்டி என்பதே பொருள். பின்னர்ப் பெட்டியின் பெயர் அதனுள் இருந்த ரொக்கத்துக்கு ஆகிவந்தது. ‘ஊர் சிரித்தது’ என்னுமிடத்து ஊர் என்பது மக்களைக் குறிப்பதுபோல, இதுவும் ஆகுபெயரே. பெட்டியைக் காப்பவரே கேஷியர்.

அப்படியாயின் நம் காசுக்கு ஆங்கிலத்தில் இடமே இல்லையா? உண்டு. எழுத்தும் ஒலியும் ஒத்த வேறொரு ‘கேஷ்’ ஆங்கிலத்தில் இருக்கிறது. கீழ்த்திசை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிப்பது அது. நம் காசைப் போர்த்துக்கீசியர் ‘கைஷா’ என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர்! அவர்கள் வாய்வழியே ஆங்கிலத்துக்குச் சென்ற அச்சொல், நடுவில் சதுரத் துளையுடைய சீன நாணயத்துக்கும் பெயராயிற்று. சென்னை மாகாணத்துக்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயங்களில் ‘10 கேஷ்’, ‘20 கேஷ்’ என்று பொறித்திருந்தது. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையருகே மூழ்கியது.

அவ்வளவு தொலைவு போவானேன்? 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைவதற்குமுன், நம் நாஞ்சில் நாடு நெடுங்காலம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்நாட்டுக் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். அந்நாட்டுச் செப்புக்காசுகளிலும் ‘கேஷ்’ என்னும் ஆங்கில எழுத்துக்களைக் காணலாம். உங்கள் வீட்டுப் பழம்பெட்டிகளில் ஒன்று கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அது நம் சொல், ஐயமில்லை. ஆனால் வங்கியின் ‘கேஷ்’ நம்முடையதன்று.

ஒலி ஒத்திருப்பதனாலேயே இரு சொற்களை உறவாக்கிவிடலாகாது. பொருள் எவ்வாறு மாறிற்று, எக்காலத்தில் எழுத்தில் தோன்றிற்று, எவர் வழியாக வந்தது என்னும் மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டில் நாள், மலர், பிறப்பு என்பவற்றோடு ‘காசு’ வீற்றிருப்பதை நீங்கள் அறிவீர்கள். இலக்கணத்திலேயே இடம்பெற்ற சொல்லுக்கு இரவற் பெருமை எதற்கு? உள்ளதை உள்ளவாறு அறிந்து சொல்வதே மொழிக்கு நாம் செய்யும் மரியாதை. என் தவற்றைத் திருத்திய அம்மாணவனுக்கு இன்றும் நன்றி பாராட்டுகிறேன்.