இருமல் ஓயாத குட்டி

ஓல்டு இங்கிலீஷ் ஷீப்டாக் இனத்தில் சில குட்டிகளுக்குச் சிறு வயதிலேயே மூக்கு ஒழுகத் தொடங்கும். சளி இருமல் வரும், பிறகு நிமோனியா. ஆன்டிபயாடிக் கொடுத்தால் தேறிவிடும். நிறுத்தினால் மறுபடியும் வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால், கிருமியை மட்டும் விரட்டிப் பயனில்லை. குட்டி பிறக்கும்போதே உடலில் இருந்த குறையைத் தேட வேண்டும்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய குற்றிழைகள் அடர்ந்திருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. இழைக்குள் இருக்கும் டைனீன் என்ற புரதமே அதை இயக்குகிறது. டைனீன் சரியாகப் பொருந்தாவிட்டால் இழை செயலிழக்கும், சளி தேங்கும். அந்தக் குட்டிகளின் நோய் இதுதான்.

கருவில் இதயம் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதற்கும் இத்தகைய இழைகளின் அசைவே வழிகாட்டுகிறது. அசைவு இல்லாதபோது அந்தப் பக்கம் குருட்டுவாக்கில் அமைகிறது. அதனால் பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழப் பாதிக்கு உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறியிருக்கும். எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால், முதலில் படத்தின் இடவலக் குறியைச் சரிபார்க்க வேண்டும். குறி சரியென்றால் நோய் பெரும்பாலும் பிடிபட்டுவிட்டது. ஆனால் இதயம் இடப்பக்கமே இருந்தாலும் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கதிரியக்க டெக்னீசியம் கலந்த ஒரு சொட்டை மூச்சுக்குழாயின் அடியில் விட்டு, அது மேலேறுகிறதா என்று காமா கேமராவில் பார்ப்பார்கள். ஏறினால் இந்த நோய் இல்லை. ஏறாவிட்டாலும் உடனே முடிவுகட்ட முடியாது. நீண்ட நாள் தொற்றும் இழைகளை முடக்கும். எனவே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இழையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இந்த இனத்துக்கு இன்னும் எளிய வழி உண்டு: மரபணுச் சோதனை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு, சிசிடிசி39 என்ற மரபணுவில் உள்ள பிழையை 2011இல் கண்டுபிடித்தது. அதே மரபணு பழுதானால் மனிதர்களுக்கும் இந்நோய் வருவதை அந்த ஆய்வே காட்டியது.

முழுக் குணம் கிடையாது. ஆனால் பராமரித்தால் பல நாய்கள் நன்றாக வாழும். நெபுலைசரில் உப்புநீரை நுண்துளிகளாக்கிக் கொடுத்து, உள்ளங்கையைக் குவித்து மார்பின் இருபுறமும் தட்டினால் சளி இளகும். சளியைச் சோதித்து, அதிலுள்ள கிருமிக்கு ஏற்ற ஆன்டிபயாடிக்கைத் தர வேண்டும். இருமலை அடக்கும் மருந்தை மட்டும் தரவே கூடாது. இழைகள் ஓய்ந்துபோன நாய்க்குச் சளியை வெளியேற்ற இருமலை விட்டால் வேறு வழியில்லை.

பெற்றோர் இரண்டும் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். இரண்டிலும் அந்தப் பிழையின் ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இனம் சேர்க்கும் முன்பே மரபணுச் சோதனை செய்துவிட்டால், அப்படி ஒரு ஜோடி சேராமல் தடுக்கலாம்.