மேசை மீது கொட்டப்படும் விருந்து

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சிலோ ஹூஸ்டனிலோ உங்கள் மகன் பணிபுரிகிறார். அவரைக் காண நீங்கள் சென்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "இன்று இரவு வெளியே சாப்பிடலாம் வாப்பா, மீன் கடைதான்" என்று அவர் அழைக்கிறார். மீன்தானே என்ற நிம்மதியோடு நீங்களும் புறப்படுகிறீர்கள். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கேஜன் என்னும் பெயர் அக்கேடியர் என்ற சொல்லின் திரிபு. கனடாவின் நோவாஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழியினரான இம்மக்களை ஆங்கிலேயர் 1755 முதல் நாடு கடத்தினர். அவர்களில் பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் குடியேறி, அங்கே கிடைத்ததைச் சமைக்கக் கற்றனர். வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றும் அவர்களது தாளிப்பு. 'கம்போ' என்பது அவர்களது ஆணம். வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் கைமணம் அதில் கலந்திருக்கிறது.

உணவகத்தில் ஆடம்பரம் இராது. மேசை மீது காகிதத்தை விரித்துவிட்டுப் போவார்கள். சிறிது நேரத்தில் ஆவி பறக்கும் ஒரு குவியல் வந்து விழும்: சிவந்த கிராஃபிஷ், இறால், சோளக்கதிர், உருளைக்கிழங்கு. கிராஃபிஷ் என்பது நம் சிங்கி இறாலின் குட்டி வடிவம் போன்ற நன்னீர் உயிரினம். நெல் அறுவடையான வயல்களில் நீர் தேக்கி அதை வளர்க்கிறார்கள்; வசந்த காலமே அதற்கு நல்ல பருவம். தலையைத் திருகிப் பிரித்து, வாலின் ஓட்டை உரித்து உண்ண வேண்டும். கரண்டிக்கு இங்கே வேலையில்லை. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து கையால் உண்டு பழகிய நமக்கு இதில் கூச்சம் ஏது!

ஆனால், அந்தக் குவியலுக்குள் வட்டமாக நறுக்கிய சில துண்டுகளும் கிடக்கக்கூடும். அவை 'ஆண்டூயி' என்னும் புகையூட்டிய சாசேஜ். பெரும்பாலும் பன்றி இறைச்சியால் ஆனது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை உண்ணலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது தீர்வாகாது. சோளமும் கிழங்கும் இறாலும் அதே நீரில் அல்லவா வெந்தன! கோழி சாசேஜ் என்றாலும், அறுத்த முறையோடு அதைச் சுற்றியுள்ள உறை எதனால் ஆனது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

பட்டியலில் வேறு இடங்களிலும் கவனம் தேவை. ஜம்பலாயா நம் புலவுச் சோறு போல் தோன்றும்; அதில் ஹாமும் சாசேஜும் கலப்பது வழக்கம். 'பூடன்' என்பது பன்றி இறைச்சியும் சோறும் அடைத்தது. 'டாசோ' என்ற சொல்லைக் கண்டாலும் விலகுங்கள். கடலுணவுக் கம்போவிலும் சாசேஜ் போடுவோர் உண்டு. பொரித்த இறாலாயினும் மாவில் பீர் சேர்த்தார்களா, அதே எண்ணெயில் முதலை இறைச்சியையும் பொரிக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

மத்ஹபு வேறுபாடும் இங்கே குறுக்கிடுகிறது. ஹனஃபிகளுக்கு நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே ஆகும். நண்டும் சிப்பியும் ஆகா. இறால் மீன் இனத்தைச் சேர்ந்ததா என்பதில் அம்மத்ஹபு அறிஞர்களிடையே இரு கருத்து நிலவுகிறது. ஷாஃபிகளுக்கு வட்டம் பெரிது. ஆயினும் தவளையும் முதலையும் அதற்குள் வாரா, நண்டு பற்றியும் பேச்சு உண்டு. கிராஃபிஷ் பற்றி உங்கள் ஆலிமிடம் ஊரிலேயே கேட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். மருமகள் ஒரு மத்ஹபும் மாமியார் வேறு மத்ஹபுமாக இருந்தால், மேசையில் வாதம் தொடங்குவதற்குள் ஒரு தட்டு மீனையும் வரவழைத்துவிடுவது உத்தமம்.

இத்தனை தடைகளா என்று மலைக்க வேண்டாம். கேஜன் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் இறைச்சி உண்பதில்லை. அந்நாட்களில் இறைச்சி கலவாத கடலுணவு வகைகளைப் பல உணவகங்கள் தனியே சமைக்கின்றன. சமையலில் ஒயின் சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹூஸ்டனில் இன்னொரு வழியும் உண்டு. 1975க்குப் பின் அகதிகளாக வந்த வியட்நாமியர் நடத்தும் கடைகளில், வேகவைத்த இறாலைப் பூண்டும் வெண்ணெயும் கலந்த மசாலையில் புரட்டித் தருவார்கள். சாசேஜைக் கேட்டால் மட்டுமே சேர்க்கும் கடைகள் அவற்றுள் உண்டு. அதை வேகவைக்கும் பானை வேறா என்பதே நீங்கள் கேட்க வேண்டியது. பரிமாறுபவருக்குத் தெரியாவிட்டால் சமையலறையில் கேட்டு வரச் சொல்லுங்கள். அங்கே அதைத் தவறாக நினைப்பதில்லை.

பச்சைச் சிப்பியை எவராயினும் யோசித்தே உண்ண வேண்டும். கல்லீரல் நோயாளிகளுக்கு அதிலுள்ள கிருமி உயிராபத்து விளைவிக்கலாம் என்ற எச்சரிக்கையைக் கடைகளிலேயே காணலாம். உண்டு முடித்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மிளகாய்க் காரம் விரலை எளிதில் விடாது. பேரக் குழந்தையின் கண்ணைத் துடைக்கப் போகும் பாட்டிமார்கள் இதைக் கருத்தில் கொள்ளவும்.