பாழ்மனையும் படப்பிடிப்பும்

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் என் மாணாக்கன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பல்லாண்டுகளாக ஆளின்றிப் பாழடைந்து கிடந்த அவன் பாட்டனாரின் நாற்சார் வீடு அது. அடுத்த மாதம் அதனை இடிக்கவிருந்தார்கள். “படத்தைத் திருத்தியிருக்கிறேன், சேர்” என்றான் பெருமிதத்துடன். வானம் நீலமாய் ஒளிர்ந்தது. சுவர் புதுச்சுவர்போல் வழுவழுத்தது. ஆனால், வாசல் நிலைக்கு மேலே சுண்ணச்சாந்திற் பொறித்திருந்த, வீடு கட்டிய ஆண்டைக் காணவில்லை. அதனையும் அழுக்கென்று கொண்டு துடைத்துவிட்டது கருவி!

படத்தைத் திருத்துதல் வேறு; கட்டடத்தைத் திருத்துதல் வேறு. கட்டடம் அழிந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் படம் ஒன்றே. யாழ்ப்பாணக் கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706ஆம் ஆண்டிற் கட்டிய சிலுவை வடிவான தேவாலயம், 1990ஆம் ஆண்டில் மீண்டும் மூண்ட போரில் அழிந்தது. அதன் முழுத் தோற்றத்தை இன்று நாம் காண்பது பழைய படங்களிலேயே. 1870, 1871ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்பார் அரசாங்கத்தின் பொருட்டு அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் எடுத்த படங்கள், பிற்காலத்திற் செப்பனிடப்படுமுன் அவ்விடிபாடுகள் இருந்த நிலையைக் காட்டுகின்றன. அவர் வெடிப்பை மறைத்து, முளைத்த மரத்தை நீக்கியிருப்பின், அப்படங்களால் நமக்கு யாது பயன்?

அங்ஙனமாயின் படத்தைச் சிறப்பிப்பது எவ்வாறு? வேலையின் பெரும்பகுதி விசையை அழுத்துமுன்னரே முடிந்துவிட வேண்டும். முதலாவது வெளிச்சம். உச்சிவெயிலிற் கூரை விளிம்பின் நிழல் சுவரை மூடிவிடும். காலையிலோ மாலையிலோ சுவரை உராய்ந்து செல்லும் சாய்ந்த ஒளியில், ஒவ்வொரு கல்லும் தழும்பும் தன் நிழலாற் புடைத்து நிற்கும். மழை பெய்து ஓய்ந்த பொழுதில் நனைந்த கல்லின் நிறமும் ஆழ்ந்து தோன்றும்.

இரண்டாவது நிற்கும் இடம். கமராவை அண்ணாந்து பிடித்தாற் சுவர்கள் பின்னோக்கிச் சாய்வனபோலத் தோன்றும். சற்றே பின்வாங்கி, கருவியை மட்டமாகப் பிடித்தல் நன்று. கட்டடத்தின் அளவு விளங்க, வாசலில் ஒருவரை நிற்கச் செய்யலாம்.

மூன்றாவது, இருண்ட அறையும் வெயில் எறிக்கும் யன்னலும் ஒருங்கே வருமிடம். ஆங்கே கமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்ச அளவை மாற்றி மாற்றி மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைக்கலாம். ஒரே படந்தான் எடுப்பதாயின், வெளிச்சமான பகுதிக்கே அளவு வைத்தல் வேண்டும். இருண்ட பகுதியிலிருந்து சிறிதேனும் மீட்கலாம். முற்றும் வெளுத்த பகுதியிலிருந்து எதனையும் மீட்க இயலாது.

எடுத்தபின் செய்யத்தக்கனவும் உள. சாய்வை நிமிர்த்துங்கள், நிழலைச் சற்றே தெளிவாக்குங்கள், கண்ணாற் கண்ட நிறத்தைப் படத்திற்கு வரச்செய்யுங்கள். ஆனால், வெடிப்பையும், குண்டு துளைத்த வடுவையும், சுவரைப் பிளந்த அரசமரத்தையும் தொடாதீர்கள். புள்ளிகளைத் துடைத்து மென்மையாக்கும் வசதியை மிக அளவோடு கையாளுங்கள். எழுத்தைத் தின்பது அதுவே. மூலப்படத்தை மாற்றாது தனியே சேமித்து, இடம், நாள், நோக்கிய திசை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உடையவரின் அனுமதி பெற்றே வளவினுள் நுழையுங்கள்; தளர்ந்த கூரையின் கீழும் மூடாத கிணற்றின் அருகும் நிற்காதீர்கள்.

மறுநாட் காலை 7 மணிக்கு அவனும் யானும் அவ்வீட்டிற்குச் சென்றோம். வாசல் வடக்கு நோக்கியது. கிழக்கிலிருந்து வந்த இளவெயில் சுவரைத் தழுவிப் படர்ந்தபோது, மங்கிக் கிடந்த எண்கள் நான்கும் நிழல் கட்டித் தெளிந்தன. கருவியின் ‘அழகூட்டல்’ எதுவுமின்றி ஒரு படம் எடுத்தான்.

இன்று அவ்விடத்தில் வீடு இல்லை. அவன் பாட்டியார் அப்படத்தைக் கண்ணாடியிட்டு மாட்டியிருக்கிறார். வருவோருக்கு அவர் முதலிற் சுட்டிக்காட்டுவது அந்த எண்களையே.