உதட்டு ஆராதனையும் உள்ளத்து ஆராதனையும்



கிறிஸ்தவ வாழ்க்கையில் 'ஆராதனை' என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். எது மெய்யான ஆராதனை, எது வெறும் சடங்கு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த மலரை எல்லாச் சமயத்தாரும் படிப்பார்கள் என்பதால், பைபிள் பழக்கம் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். கம்பம்மெட்டில் பல வருஷமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "சார், அதே ஜெபத்தைத்தான வாராவாரம் சொல்றோம், கடவுளுக்குச் சலிக்காதா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். பெரியவர்களும் மனசுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது.

திரும்பச் சொன்னால் வீணா?

எழுதிவைத்த ஜெபத்தை வாசித்தால் அது சடங்கு, கண்ணீர் விட்டுச் சத்தமாக ஜெபித்தால் அதுதான் உண்மை என்று நம்மில் ஒரு சாரார் நினைக்கிறார்கள். இன்னொரு சாரார், "சத்தம் போடுறதெல்லாம் வேஷம், அமைதியா முழங்கால் போடுறதுதான் பக்தி" என்பார்கள். இரண்டுமே வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்லும் தீர்ப்புகள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்ததாக மத்தேயு எழுதுகிறார். ஆகவே திரும்பச் சொல்வது குற்றமல்ல. மனிதர் பார்க்க வேண்டுமென்றே தெருச் சந்தியில் நின்று ஜெபிப்பதைத்தான் அவர் கண்டித்தார்.

புரியாமல் சொல்வது வேறு விஷயம். அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட, கருத்தோடு ஐந்து வார்த்தை பேசுவதே மேல் என்பது பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன ஆலோசனை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக, லத்தீனில் நடந்த பூசையை மக்கள் மொழிக்குத் திருப்பியது. மலையாளமும் இங்கிலீஷும் படித்து வளரும் நம் பிள்ளைகள் தமிழ் ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 'பரமண்டலம்' என்றால் என்ன என்று வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

தீர்க்கதரிசிகளின் அளவுகோல்

அர்த்தம் புரிந்தால் மட்டும் போதுமா? போதாது என்கிறார்கள் தீர்க்கதரிசிகள். கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரிலிருந்து வந்த ஆமோஸ், ஆடு மாடுகளோடு பிழைத்தவர். உங்கள் பண்டிகைகளும் பாட்டுகளும் எனக்கு வேண்டாம், முதலில் நியாயம் தண்ணீரைப்போல ஓடட்டும் என்று கடவுள் சொல்வதாக அவர் முழங்கினார். ஏசாயா புத்தகத்தின் 58ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமாக வந்து கேட்கிறது. "நாங்கள் உபவாசம் இருந்தோமே, ஏன் பார்க்கவில்லை?" என்கிறார்கள் ஜனங்கள். உபவாச நாளிலும் உங்கள் வேலைக்காரர்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்பதுதான் பதில். அறுப்பு அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரல் இடுகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதுகிறார். காணிக்கையோடு பலிபீடத்துக்குப் போன பிறகு சகோதரனின் மனக்குறை ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்ச் சமாதானம் ஆகிவிட்டு வா என்கிறார் இயேசு.

ஆக, ஆராதனை மெய்யா பொய்யா என்பது கோயிலுக்குள் தெரிகிறதைவிட வெளியேதான் நன்றாகத் தெரியும்.

வடக்கன்குளம் தரும் பாடம்

இதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1745இல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழாக்கம்தான் அவர் ஏற்ற 'தேவசகாயம்'. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அதே வடக்கன்குளத்தில் 1870களில் எழும்பிய ஆலயத்துக்கு இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றில் வேளாளக் கிறிஸ்தவர்கள், மற்றதில் நாடார் முதலான மற்றவர்கள். இரண்டும் சேரும் முனையில் பலிபீடம். பூசை வைக்கும் சாமியார் இரு பக்கத்தையும் பார்க்கலாம், ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பார்வைக்குக் கால்சட்டை மாதிரி இருந்ததால் 'கால்சட்டைக் கோயில்' என்றே பேர் விழுந்தது. 1910 வாக்கில் கௌசானல் சாமியார் நடுச்சுவரை இடித்தார். வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சாதியின் பேரில் ஆலயத்தில் தனி இடம் கேட்க உரிமையில்லை என்றே முடிந்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தச் சுவர் நின்ற காலத்தில் பூசையில் எந்தக் குறையும் இல்லை. மந்திரம் சரி, பாட்டு சரி, மெழுகுவர்த்தி சரி. வேதத்துக்காக உயிர் கொடுத்த தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊரும் அதுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கென்றே ஒரு சுவர். புராட்டஸ்டன்ட் சபைகளும் இதற்குத் தப்பவில்லை. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பல குடும்பங்கள் சபையை விட்டே விலகின.

'ஊழியம்' என்ற சொல்

எபிரெய மொழியில் 'அவோதா' என்ற ஒரே சொல் உழைப்பையும் குறிக்கும், ஆராதனையையும் குறிக்கும். தமிழில் 'ஊழியம்' அப்படிப்பட்ட சொல். சபைகளில் 'கர்த்தருடைய ஊழியம்' என்கிறோம். பழைய திருவிதாங்கூரிலோ ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. மன்றோ ரெசிடென்ட்டாக இருந்த காலத்தில் (1810-1819) கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. உழைப்பில் நியாயம் இல்லாத இடத்தில் ஆராதனைக்குப் போகக்கூட வழி இருப்பதில்லை என்பதை அந்தத் தலைமுறை அனுபவித்தே தெரிந்துகொண்டது.

நம் எல்லையில்

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, இந்த மலைப்பகுதி கேரளத்தோடு நின்றது. இன்றும் ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து பெண்கள் விடியக்காலையிலேயே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மெட்டு ஏறி வருகிறார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு, காய் எடுக்கிறவர்களிலும் உண்டு. சிரியன் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் ஐம்பது நோம்பு இருக்கிறார்கள், நாம் லெந்து நாட்களை அனுசரிக்கிறோம். இறைச்சி தவிர்ப்பது நல்லதுதான். ஆனால் ஏசாயாவின் கேள்வி இந்த மலையில் தோட்டக்காரரைப் பார்த்தும், மேஸ்திரியைப் பார்த்தும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிற நம்மைப் பார்த்தும் கேட்கப்படுகிறது: சனிக்கிழமை கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்தாயிற்றா?

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரத்தில் இந்த எல்லை அடைபட்டதும், தமிழ்க் குடும்பங்கள் பயந்து மலையிறங்கியதும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அணை யாருக்கு என்பதை நீதிமன்றம் பேசட்டும். ஒரே கர்த்தரை இரண்டு மொழியில் கும்பிடுகிறவர்கள் நடுவே கண்ணுக்குத் தெரியாத நடுச்சுவர் எழும்பாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

அதற்குப் பெரிய காரியம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு ஜெபத்தின் பொருளை ஒரு வாரம் சொல்லிக்கொடுங்கள். ஆராதனைக்குப் புறப்படும் முன் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். பேச்சு நின்றுபோன பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். ஜெபம் பழைய ஜெபமாகவே இருக்கட்டும். அதைச் சொல்லும்போது நமக்கே வித்தியாசம் தெரியும்.