சாயம் பட்டதும் கரைந்த மலை

கடந்த ஆண்டு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முதல் நாள் மாலை. எங்கள் மேசை விளையாட்டுக் கழக மாணவர்கள் மூன்று வாரமாகச் செதுக்கிய நிலப்பரப்புப் பலகை ஆய்வுக்கூடத்தில் தயாராக இருந்தது. குன்று, ஓடை, பாறைச் சரிவு எல்லாமே வெள்ளை நுரைப்பலகையில் செய்தவை. அடிப்பூச்சு மட்டுமே பாக்கி. தூரிகையால் பூசினால் நேரமாகும் என்று எண்ணி, கறுப்பு ஸ்பிரே சாயத்தை எடுத்தது நான்தான்.

சிறிது நேரத்தில் குன்றின் உச்சி குழிந்தது. பாறைகள் தேன்கூடாயின. "டீச்சர், மலை உருகுது!" என்று கத்தினாள் ஒரு மாணவி.

உண்மையில் அது உருகவில்லை, கரைந்தது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும். ஸ்பிரே டப்பாவோ கையில் பிடித்தால் குளிரும். நுரைப்பலகை என்பது பாலிஸ்டைரீன் எனும் நெகிழி. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். பல ஸ்பிரே சாயங்களில் அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. அவை சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடும். வெள்ளை நுரையின் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றுதான். மெல்லிய சுவர்கள் கரைந்ததும் காற்று வெளியேறும். பெரிய குன்று, ஒரு பிடி பிசுபிசுப்பாகச் சுருங்கும். நீருக்கும் பாலிஸ்டைரீனுக்கும் ஒத்துப்போகாது. அதனால் நீர் கலந்த அக்ரிலிக் சாயம் அதை ஒன்றும் செய்யாது. வெள்ளைப் பசையை அக்ரிலிக் சாயத்துடன் கலந்து பூசி, அதன்மேல் ஸ்பிரே அடிக்கலாம் என்பார்கள். ஊசித்துளை அளவு இடைவெளி இருந்தாலும் கரைப்பான் உள்ளே போய்விடும். நான் இனி அந்தப் பக்கமே போவதில்லை.

சிற்றுருவப் பொம்மைகளை நகர்த்திப் போர் ஆடும் இவ்விளையாட்டுக்கு, எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே விதிநூல் எழுதினார். இன்று பரவலாக உள்ள பொம்மை சுமார் 28 மில்லிமீட்டர் உயரம். 1.7 மீட்டர் மனிதனை 60 மடங்கு சுருக்கினால் அந்த அளவு வரும். அப்படியானால் 60 சென்டிமீட்டர் பலகை 36 மீட்டர் நிலம். ஒரு மில்லிமீட்டர் மணல் துகள், 6 சென்டிமீட்டர் கல்! ஆற்று மணலைச் சலிக்காமல் தூவினால் வயல்வெளி கல்லுடைக்கும் இடமாகத் தெரிவது இதனால்தான்.

அடுத்த தொல்லை, பலகை வளைவது. அடியில் வைக்கும் மரத்தூள் பலகையின் மேற்பக்கம் மட்டும் பசையும் சாயமும் பூசுகிறோம். நீர் பட்ட இழைகள் முதலில் உப்பும். பிறகு காயும் பசை சுருங்கி மேற்பரப்பை இழுக்க, ஓரங்கள் மேலே எழும். அடிப்பக்கத்திலும் அதே அளவு பூசிவிட்டால் இரு பக்க இழுவையும் சமமாகும். இரண்டு நுரைப்பலகைகளை வெள்ளைப் பசையால் ஒட்டினால் இன்னொரு வேடிக்கை: ஓரம் காய்ந்திருக்கும், நடுவில் பல நாள் ஆகியும் ஈரம் இருக்கும். நீராவி வெளியேற வழியில்லை அல்லவா?

சூடான கம்பியால் நுரையை அறுப்பவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகையில் ஸ்டைரீன் ஆவி கலந்திருக்கும், சுவாசிக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது புல் நடும் வேலை. நைலான் இழைகளை ஒரு சல்லடைக் கருவியில் இட்டு, அதன் மற்றொரு முனைக் கம்பியை ஈரப்பசையில் செருகுவோம். இடையே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம். மின்னோட்டமோ மிகக் குறைவு. மின்னேற்றம் பெற்ற இழைகள் மின்புலக் கோடுகளின் திசையில் பாய்ந்து பசையில் நிமிர்ந்து நிற்கும். கையால் தூவினால் அவை படுத்துக்கொள்ளும். மின்புலப் பாடத்தில் நீங்கள் வரையும் அம்புக்குறிகள், இங்கே பச்சைப் புல்லாகவே முளைக்கின்றன.

கரைந்த அந்தக் குன்றை மாணவர்கள் தூக்கிப் போடவில்லை. குழிக்கு அக்ரிலிக் சாயம் பூசி, "எரிமலை வாய்" என்று எழுதிக் கண்காட்சியில் வைத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் அனைவரும் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஓட்டைகளை எப்படிச் செய்தீர்கள்?"