ஓவன் இல்லாமல் ஓர் இனிப்பு

அமெரிக்க வீடுகளில் குழந்தைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யும் தின்பண்டம், ரைஸ் கிரிஸ்பீஸ் டிரீட்ஸ். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் க்ரீக் நகரில், கெலாக் நிறுவனத்தில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள் 1939-ல் உருவாக்கியது இது. கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமியர் அமைப்பு நிதி திரட்ட இதைச் செய்து விற்றது.

3 மேசைக்கரண்டி வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, சுமார் 280 கிராம் மார்ஷ்மெல்லோவைப் போட்டுக் கிளறுங்கள். வெள்ளைக் கட்டிகள் ஓரத்திலிருந்து இளகி, ஒன்றோடொன்று கலந்து, கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, 6 கப் அரிசிப்பொரி சீரியலைக் கொட்டிப் புரட்டுங்கள். தீ கூடிவிட்டால் ஆறியபின் பல்லை உடைக்கும். பொரி உருண்டைக்குப் பாகுப் பதம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

அடுப்பு வேலை பெரியவர்களுக்கு மட்டும்தான். உருகிய சர்க்கரை தோலில் ஒட்டினால் லேசில் விடாது, சூட்டுக்காயம் ஆழமாகப் படும். சீரியலை அளப்பதும் தட்டில் வெண்ணெய் தடவுவதும் பிள்ளைகள் வேலை. கலவை கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், விரல்களில் வெண்ணெய் பூசிக்கொண்டு அவர்களே தட்டில் பரப்பட்டும். அழுத்தி அமுக்காமல் இருந்தால் மெத்தென்று வரும். நன்றாக ஆறியதும் வில்லை போடலாம்.

சைவ நேயர்கள் கவனிக்க: மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பொட்டலத்தில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.